அப்பாவின் பெட்டியைத் திறப்பதற்கு முன்: எழுத்தாளர் வீட்டுத் தாள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்தாளர் ஒருவர் காலமானதும் வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மர அலமாரி, ஒன்றிரண்டு டிரங்குப் பெட்டிகள், கட்டிலுக்கடியில் சணல் கயிறு கட்டிய சில கட்டுகள். இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிற பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பெட்டி பிரிக்க உதவப் போய்க்கொண்டிருக்கிறேன். போகிற வீட்டிலெல்லாம் அநேகமாக ஒரே கேள்விகள்தாம் வருகின்றன. அவற்றை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

அறையைச் சுத்தம் செய்ய வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

சுத்தம் செய்யாமல் இருப்பதிலிருந்து.

முதலில் செல்போனை எடுத்து அறையை அப்படியே படம் பிடியுங்கள். மேசை, அலமாரியின் ஒவ்வொரு தட்டு, இழுப்பறை, பெட்டியைத் திறந்ததும் மேலே தெரிவது, எல்லாவற்றையும். அதன் பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு அது குப்பையாகத் தெரியும். எழுதியவருக்கு அது ஓர் ஒழுங்கு. ஒரு நாவலின் கைப்பிரதிக் கட்டுக்குள் ஒரு மின்சார ரசீது, யாரோ எழுதிய போஸ்ட்கார்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நாலு வரி இருந்தால், அந்த நாலும் ஒரே காலத்தில் அவர் கையில் இருந்தவை என்று அர்த்தம். போஸ்ட்கார்டில் தேதி இருக்கிறது, நாவலில் இல்லை. போஸ்ட்கார்டை உருவி "கடிதங்கள்" என்று எழுதிய ஃபைலில் போட்ட அந்த நிமிடமே நாவலின் தேதியையும் தொலைத்துவிட்டீர்கள். காப்பகத்துறையில் இருப்பவர்கள் ஒருவருடைய தாள்களை இன்னொருவருடைய தாள்களோடு கலக்கமாட்டார்கள். வந்த அடுக்கையும் லேசில் கலைக்கமாட்டார்கள். அந்தத் தொழிலின் பால பாடமே இதுதான்.

ஆகவே நல்லெண்ணத்தோடு செய்கிற அடுக்குதலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். கரையான்கூட ஒரு மூலையிலிருந்து வரிசையாகத்தான் அரிக்கும்.

எதை வைத்துக்கொள்வது, எதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது?

இப்போதைக்கு எதையும் போடாதீர்கள். போகிக்கு எரிக்கவும் கூடாது, வெள்ளையடிப்பதை முன்னிட்டுத் தூக்கிப் போடவும் கூடாது. அச்சில் வந்த கதையின் பிரதியைப் பத்திரமாக வைத்துவிட்டு, கிறுக்கல் நோட்டைக் கழித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அச்சில் வந்தது எங்காவது ஒரு நூலகத்தில் கிடைக்கும். கிறுக்கல் நோட்டு உலகத்திலேயே ஒன்றுதான்.

வீடுகளில் கழிவாகக் கருதப்பட்டு, பிறகு ஆய்வாளர்கள் தேடி அலைகிறவை இவை: வீட்டுப் பற்று வரவு நோட்டு (எந்தப் பத்திரிகை ஒரு கதைக்கு எவ்வளவு கொடுத்தது என்பது அதில்தான் இருக்கும்), முகவரிப் புத்தகம், "பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று வந்த சீட்டுகள், பதிப்பகங்களின் ராயல்டி கணக்கு, கூட்ட அழைப்பிதழ்கள், டைரி, கடித உறைகள். இன்னொன்று, அவருடைய சொந்தப் புத்தகங்களில் அவரே பேனாவால் திருத்தம் போட்டு வைத்திருக்கும் பிரதி. அடுத்த பதிப்புக்கென்று திருத்தியிருப்பார், அடுத்த பதிப்பு வராமலே போயிருக்கும். அந்த ஒரு பிரதியை நூலகத்துக்கு நன்கொடையாகப் போகும் மூட்டையில் சேர்த்துவிடாதீர்கள். புத்தகங்களை ஒருமுறை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்த பிறகே வெளியே அனுப்புங்கள்.

மூக்குக் கண்ணாடி, பேனா, சாய்வு நாற்காலி எல்லாம் அருங்காட்சியகத்துக்கு உரியவை. ஆவணக் காப்பகங்கள் அவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

புத்தகமாகவே வந்துவிட்டதே, கைப்பிரதி எதற்கு?

தமிழில் கைப்பிரதி மிஞ்சுவதே அபூர்வம். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பிரதி அச்சகத்துக்குப் போனால், கம்பாசிட்டர்களுக்குத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். மை விரல்பட்டு, கிழிந்து, வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகும். பத்திரிகைக்கு அனுப்பினாலும் தபால் தலை ஒட்டிய உறை வைக்காவிட்டால் திரும்பி வராது. நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் வசதியோ பொறுமையோ பலருக்கு இருந்ததில்லை. அப்படியும் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கிறது என்றால் அது பல கண்டங்கள் தப்பி வந்தது.

அதில் என்ன கிடைக்கும் என்றால், அடித்த வரிகள் கிடைக்கும். முதலில் வைத்த தலைப்பு, மாற்றிய பாத்திரப் பெயர், வட்டார வழக்கை எடுத்துவிட்டுப் பத்திரிகைத் தமிழுக்கு மாற்றிய இடம், ஆசிரியர் வெட்டிய பத்தி. அச்சுக்கும் கைப்பிரதிக்கும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசத்தைச் செய்தது யார் என்று கேட்க முடியும். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

அப்பா எழுதிய கடிதங்கள் ஒன்றுகூட வீட்டில் இல்லையே?

இருக்காது. அவர் எழுதியது போய்ச் சேர்ந்த வீட்டில் இருக்கும். உங்கள் வீட்டில் இருப்பது அவருக்கு வந்தது. இதை யோசிக்காமலே பல குடும்பங்கள் "கடிதமெல்லாம் தொலைந்துபோய்விட்டது" என்று வருந்துகின்றன.

பாரதி புதுச்சேரியில் இருந்தபோது "தம்பி" என்று அழைத்துப் பரலி சு. நெல்லையப்பருக்கு எழுதிய கடிதத்தை இன்று நாம் படிக்கிறோம் என்றால், பெற்றுக்கொண்டவர் அதைப் போற்றி வைத்திருந்தார் என்பதால்தான். இன்னொரு பக்கம் உ.வே. சாமிநாதையர். ஏடு தேடிய காலத்தில் தமக்கு வந்த கடிதங்களை அவர் கழிக்காமல் வைத்திருந்தார். ஊர் ஊராக இருந்த புலவர்கள், மடத்துக்காரர்கள், பாரிசிலிருந்து எழுதிய பேராசிரியர் ஜூலியன் வின்சோன் என்று எழுதியவர்கள் பலர். 1942இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே அவர் பெயரில் நூல்நிலையம் அமைந்தது; இப்போது அது சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது. அந்தக் கடிதங்களில் 1877 முதல் 1900 வரையானவை தொகுதியாக அச்சிலும் வந்துவிட்டன. அவர் எழுதிய பதில்களைத் தேட வேண்டுமானால் அந்தப் புலவர்களின் பேரன் வீட்டுப் பரணுக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் வேலை இதுதான்: வந்த கடிதங்களை வைத்து யார் யார் நெருக்கம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அவர்கள் குடும்பத்தாரைத் தொடர்புகொண்டு, "எங்கள் அப்பா எழுதிய கடிதம் ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா, ஒரு ஸ்கேன் கிடைக்குமா" என்று கேளுங்கள். அசலைக் கேட்காதீர்கள், கொடுக்கத் தயங்குவார்கள். பதிலுக்கு அவர்கள் வீட்டுப் பெரியவர் எழுதியவற்றின் ஸ்கேனை நீங்கள் அனுப்பலாம். இந்தப் பண்டமாற்று நன்றாகவே நடக்கிறது.

தேதி போடாத கடிதத்துக்கு எப்படித் தேதி கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தபால் முத்திரை. அதனால்தான் உறையைத் தூக்கிப் போடக் கூடாது என்று தலையால் அடித்துக்கொள்வது. முத்திரை அழிந்திருந்தால் முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. அன்றுதான் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. இல்லையென்றால் முந்தியது என்று சொல்லிவிட முடியாது, பின்கோடு எழுதாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தபால் தலையில் "நயா பைசா" என்று இருந்தால் 1957க்குப் பின்னால் அச்சான தலை. 1964இல் அந்த "நயா"வை எடுத்துவிட்டார்கள். இன்லண்டு லெட்டர் என்றால் 1950க்கு முன்னால் போக முடியாது. அச்சடித்த முகவரியில் "சென்னை மாநிலம்" என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன் அச்சடித்த தாளாக இருக்கலாம். ஆனால் பழைய லெட்டர்பேடைத் தீரும்வரை பயன்படுத்துகிற சிக்கனக்காரர்கள் நம் எழுத்தாளர்கள். இலங்கையிலிருந்து வந்த உறையின் தபால் தலையில் "சிலோன்" என்று மட்டும் இருந்தால் 1972க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ் ஆண்டுப் பெயர் எழுதுகிறவர்கள் ஒருவகையில் உதவி, ஒருவகையில் உபத்திரவம். விக்ருதி ஆவணி என்றால் 1950ஆக இருக்கலாம், 2010ஆகவும் இருக்கலாம். அறுபது வருடம் சுற்றி வரும். கடிதத்தில் விலைவாசியைப் பற்றி ஒரு வரி இருந்தால் தீர்ந்தது பிரச்சினை.

எழுத்து வடிவத்தைப் பார்த்தும் சிலர் தேதி சொல்வார்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு லை, னை, ணா, றா முதலியவை இன்றைய வடிவுக்கு வந்தன. அச்சுக்கு இது ஓரளவு பொருந்தும், கையெழுத்துக்குப் பொருந்தாது. பழைய ஆட்கள் கடைசிவரை கொம்பு போட்ட "லை"தான் எழுதினார்கள். பெரியார் இதழ்களோ 1935இலிருந்தே புதிய வடிவத்தில் வந்தவை. அந்த வழியில் வந்தவர்கள் கையில் புதிய எழுத்து முன்பே இருக்கும்.

ஊகித்த தேதியைக் கடிதத்தின் மேல் எழுதிவிடாதீர்கள். பட்டியலில், "1958?, தபால் தலையை வைத்து" என்று காரணத்தோடு எழுதுங்கள்.

பட்டியல் எப்படிப் போடுவது? ஒவ்வொரு தாளையும் எழுத வேண்டுமா?

வேண்டாம், எடுத்த எடுப்பில் அதைச் செய்தால் இரண்டாவது வாரம் விட்டுவிடுவீர்கள். முதல் சுற்றில் கட்டுக்கு ஒரு வரி போதும்: "பெட்டி 2, மூன்றாவது கட்டு, நீல நூல் கட்டியது, சுமார் 40 கடிதங்கள், பெரும்பாலும் மதுரையிலிருந்து, 1960கள்." இது முடிந்தாலே எந்தக் காப்பகத்திடமும் பேசத் தயார். இரண்டாம் சுற்றில் கடிதம் கடிதமாக எழுதலாம்: தேதி, எழுதியவர், ஊர், எத்தனை பக்கம், எந்த மொழி, ஒரு வரிக் குறிப்பு.

எண் போடுவதானால் மென்மையான பென்சிலால், பின்பக்க மூலையில், சிறிதாக. பால்பாயிண்ட் பேனா, ஸ்டிக்கர், ரப்பர் ஸ்டாம்பு எதுவும் தாள் மேல் படக் கூடாது.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் பின்களை எடுக்கலாமா?

எடுக்க வேண்டும், துரு தாளைத் தின்றுவிடும். ஆனால் பிடுங்கக் கூடாது. தாளைக் கவிழ்த்து, பின்னின் கால்களை மெல்லிய தகடு ஒன்றால் நிமிர்த்தி, மறுபக்கம் மெதுவாகத் தூக்குங்கள். அந்தத் தாள்கள் சேர்ந்திருந்தவை என்பது மறக்காமல் இருக்க, மடித்த வெள்ளைத் தாள் ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். உருகி ஒட்டிய ரப்பர் பேண்டை வலிந்து உரிக்க வேண்டாம்.

கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டலாமா? லேமினேஷன்?

இரண்டும் கூடவே கூடாது. செலோடேப்பின் பசை சில வருடங்களில் தாளுக்குள் இறங்கிப் பழுப்பேறும். டேப் உதிர்ந்துவிடும், கறை போகாது. லேமினேஷன் சூட்டோடு பிளாஸ்டிக்கைத் தாளின் இருபுறமும் உருக்கி ஒட்டுகிற வேலை. திரும்பப் பிரிக்க வழியில்லை. ஒரு வீட்டில் மூத்த மகன் ஆசையாக, அப்பாவுக்கு வந்த பெரிய மனிதர்களின் கடிதங்களை மட்டும் பொறுக்கி எடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார். பெயர் தெரியாதவர்கள் எழுதிய கடிதங்கள் ஷூ டப்பாவில் கிடந்தன. டப்பாவில் கிடந்தவைதான் நல்ல நிலையில் இருந்தன.

கிழிசலை அப்படியே விட்டுவிட்டு, துண்டுகள் சிதறாமல் ஒரு உறைக்குள் வைத்தால் போதும். மீதியைப் பாதுகாப்பு வேலை தெரிந்தவர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் வைத்துச் செய்வார்கள்.

வீட்டில் எங்கே, எதில் வைப்பது?

பரணில் வேண்டாம், வெயில் காலத்தில் அது அடுப்பு. தரையில் வேண்டாம், குறைந்தது அரை அடி உயரம் வேண்டும். குளியலறைச் சுவரை ஒட்டி வேண்டாம். வீட்டின் நடுவில் இருக்கும் அறை, வெளிச்சுவரைத் தொடாத இரும்பு பீரோ, இதுவே நல்ல இடம்.

அமிலமற்ற அட்டைப்பெட்டிகள் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த காடாத் துணியில் சுற்றி வைக்கலாம். ஏட்டுச் சுவடிகளை நம் ஆட்கள் துணியில்தான் கட்டி வைத்தார்கள். துணி மூச்சு விடும். ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஏசி போட்டால் நல்லதா என்று கேட்கிறார்கள். இரவு பகல் ஓயாமல் ஓடினால் நல்லது. பகலில் நாலு மணி நேரம் போட்டு நிறுத்துவதானால் போடாமல் இருப்பதே மேல். வெப்பமும் ஈரமும் ஏறி இறங்குவதுதான் தாளை உடைக்கிறது. ஒரே அளவில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தாங்கிக்கொள்ளும்.

ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவது பழைய பழக்கம். அந்த வாடை மனிதருக்கும் ஆகாது, பெட்டி திறக்கிறவருக்குத் தலைவலிதான் மிச்சம். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம், தாளைத் தொடாமல். எதை வைத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதற்கு ஈடாகாது.

மழைவெள்ளத்தில் நனைந்துவிட்டது. என்ன செய்ய?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி ஓயவேயில்லை. வெயிலில் காயவைக்காதீர்கள், தாள் சுருண்டு, மை வெளிறும். நிழலில், மின்விசிறிக் காற்றில், வெள்ளைத் தாள் மேல் விரித்து வையுங்கள். செய்தித்தாள் மேல் வைத்தால் அதன் மை ஒட்டிக்கொள்ளும். கட்டாக ஒட்டியிருப்பதை ஈரத்தில் பிரிக்க முயல வேண்டாம். கைக்கு அடங்காத அளவு இருந்தால், இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். அதற்குள் பிளாஸ்டிக் பைகளில் போட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். உலகம் முழுக்க நூலகங்கள் செய்வது இதைத்தான். உறைந்த தாளில் பூஞ்சை வளராது, நிதானமாகப் பிறகு காயவைக்கலாம்.

காய்ந்த பூஞ்சையைத் தட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் தட்டாதீர்கள்.

புகைப்படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். முதல் எதிரி, 1980களில் எல்லா வீட்டிலும் வாங்கிய ஒட்டும் ஆல்பம். பசை தடவிய அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள். அதிலிருந்து படம் சுலபமாக வந்தால் எடுத்துவிடுங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு விட்டுவிடுங்கள். சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே: கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள், பிய்க்காதீர்கள். நெகட்டிவ் சுருளைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து, அதை முதலில் ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

ஆனால் படம் அழிவதைவிட, படத்தில் இருப்பவர் யார் என்பது அழிவதுதான் வேகமாக நடக்கிறது. ஒரு இலக்கியக் கூட்டம், நாற்காலியில் ஆறு பேர், பின்னால் எட்டுப் பேர். முன்வரிசை பிரபலங்களை யாரும் சொல்லிவிடுவார்கள். பின்வரிசையில் கைகட்டி நிற்கும் பையன் யார் என்று தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் இருப்பார், அவருக்கும் எண்பது தாண்டியிருக்கும். படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள், கேள்வி கேட்டுவிட்டுச் செல்போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பெயர் கேட்கப் போனால் அந்தக் கூட்டத்தில் நடந்த சண்டையும் சேர்ந்து வரும். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

ஸ்கேன் செய்துவிட்டால் அசலைத் தூக்கிப் போடலாம்தானே?

இல்லை. தாளின் நீர்க்குறி, மை மாறிய இடம், அழித்து எழுதிய தடம், மடிப்பு, இவற்றில் பலவும் ஸ்கேனில் தெரியாது. தவிர, ஐம்பது வருடத் தாளைக் கையில் எடுத்துப் படிக்கலாம். இருபது வருடத்துக்கு முந்தைய சிடியைத் திறக்க முடிகிறதா என்று முயன்று பாருங்கள்.

ஸ்கேனின் நுணுக்கத்தை டிபிஐ என்ற அளவில் சொல்வார்கள்: எழுத்துத் தாளுக்கு 300 முதல் 400 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. கறுப்பு வெள்ளையானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் திருத்தமும் பேனாத் திருத்தமும் அப்போதுதான் பிரிந்து தெரியும். இருபுறமும், காலியான பின்பக்கமும், உறையும். செல்போன் செயலியில் எடுப்பதானால் அது தானாகப் போடுகிற "பளிச்" ஃபில்டரை அணைத்துவிடுங்கள், மங்கலான பென்சில் வரியை அது அழித்துவிடும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 1968-03-12 என்று ஆரம்பித்தால் கணினியே காலவரிசையில் அடுக்கிவிடும்.

நகல்கள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் படி இல்லாதவை போனது போனதுதான். அந்த இழப்பின் நினைவு இருப்பதால்தான், 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவருவதை நான் சாதாரண வேலையாக நினைப்பதில்லை. உங்கள் வீட்டு அளவில், ஒரு ஹார்ட் டிஸ்க் உங்களிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தங்கையிடம், இன்னொன்று இணையச் சேமிப்பில்.

அப்பா கடைசிப் பத்து வருடம் கணினியில்தான் எழுதினார். கோப்பைத் திறந்தால் எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன.

தாறுமாறு இல்லை, பழைய எழுத்துரு. யூனிகோடு பரவலாகும் முன் பாமினி, டாம், டாப், திஸ்கி, ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு முறையில் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாததால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் போட்டால் பெரும்பாலும் தமிழ் வந்துவிடும். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும், கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மூலக் கோப்பை மாற்றாமல், அதன் எழுத்துருக் கோப்போடு சேர்த்து அப்படியே வையுங்கள். மாற்றியது தனிப்பிரதியாக இருக்கட்டும்.

மின்னஞ்சலை உடனே பாருங்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கிவிடுவது கூகுளின் கொள்கை. அதற்குள் அஞ்சல்களை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களையும் ஏற்றுமதி செய்யலாம். இன்றைய எழுத்தாளரின் கடிதக்கட்டு அதுதானே.

கடிதங்களை வெளியிட எங்களுக்கு உரிமை உண்டா?

தாள் வேறு, எழுத்து வேறு. கடிதம் யார் கையில் வந்ததோ அந்தத் தாள் அவருக்குச் சொந்தம். அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கு. அதாவது உங்கள் அப்பா மற்றவர்களுக்கு எழுதிய கடிதங்களை வெளியிட உங்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அவருக்கு வந்தவற்றை வெளியிட நீங்கள் மற்றவர்களிடம் வாங்க வேண்டும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. 1990இல் காலமானவர் என்றால் 2050 முடியும்வரை. இறந்த பிறகு முதன்முறையாக வெளியானால், வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகள். உயிலில் ஒரு கைப்பிரதியை ஒருவர் பெயருக்கு எழுதி வைத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை, வெளியாகாத அந்தப் படைப்பின் பதிப்புரிமையும் அவருக்கே போய்ச் சேரும். இது பலருக்குத் தெரியாது. அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வர இது ஒன்று போதும்.

நாட்டுடைமை பற்றியும் கேட்கிறார்கள். அரசு நாட்டுடைமையாக்குவது எழுத்தின் உரிமையை. வீட்டில் இருக்கும் தாள்களை யாரும் வந்து எடுத்துப் போக மாட்டார்கள். எடுத்துப் போய்ப் பாதுகாக்கவும் மாட்டார்கள். அது உங்கள் பொறுப்பாகவே இருக்கும்.

யாரிடம் கொடுப்பது? கொடுக்கும்முன் என்ன கேட்க வேண்டும்?

ஜெர்மனியில் மார்பாக் நகரில் எழுத்தாளர்களின் தாள்களுக்கென்றே 1955இலிருந்து ஒரு காப்பகம் இயங்குகிறது. அந்த அளவில் தமிழில் ஒன்று இன்னும் எழவில்லை. இருக்கிறவற்றில், கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்கள் இருக்கின்றன. எல்லோரும் எல்லாவற்றையும் ஏற்பதில்லை. உங்கள் கட்டுவாரிப் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள்.

கேட்க வேண்டியவை: தொகுப்பை ஒன்றாக வைப்பார்களா, நூல் ஒரு பக்கம் கடிதம் ஒரு பக்கம் என்று பிரிப்பார்களா? எத்தனை நாளில் பட்டியலிடுவார்கள்? யார் வந்து பார்க்கலாம்? உங்களுக்கு ஒரு ஸ்கேன் பிரதி தருவார்களா? நிறுவனம் மூடப்பட்டால் தாள்கள் யாருக்குப் போகும்? கொடுப்பது நன்கொடையா, பாதுகாப்புக்கு ஒப்படைப்பா? இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நான் உதவிய ஒரு குடும்பம் வாய்ப்பேச்சில் நம்பி ஒரு நிறுவனத்திடம் நான்கு பெட்டி கொடுத்தது. பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெற்றதும் அந்தப் பெட்டிகள் எந்த அறையில் இருக்கின்றன என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கொடுத்ததற்கு ரசீதும் இல்லை.

சில கடிதங்கள் அந்தரங்கமானவை. கிழித்துவிடலாமா?

கிழிக்க வேண்டாம், மூடலாம். உறையில் போட்டு ஒட்டி, "இத்தனை ஆண்டுகள் வரை திறக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம். காப்பகங்களுக்கு இது பழகிய விஷயம். சம்பந்தப்பட்ட இன்னொருவர் உயிரோடு இருந்தால் அவர் காலம்வரை மூடி வைப்பது மரியாதை.

அப்பாவே எரித்துவிடச் சொன்னார் என்றால்?

ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவும் அப்படித்தான் நண்பர் மாக்ஸ் பிராடிடம் சொன்னார். 1924இல் காஃப்கா இறந்தார். பிராடு எரிக்கவில்லை, அச்சிட்டார். 1939இல் பிராக் நகரை விட்டுத் தப்பியபோது தாள்களைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பெட்டி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 2016 வரை இழுத்து, இஸ்ரேல் தேசிய நூலகத்துக்கு என்று முடிந்தது. பிராடு செய்தது சரியா என்று இன்றும் வாதாடுகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: துக்கம் ஆறாத முதல் வருடத்தில் அதை முடிவு செய்யாதீர்கள். எரிப்பதை எப்போது வேண்டுமானாலும் எரிக்கலாம்.

அம்மா அந்த அறையைத் திறக்கவே விடமாட்டேன் என்கிறார்.

விட்டுவிடுங்கள். கரையான் ஏறாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கைப்பிரதியை அவரிடமே எடுத்துக்கொண்டு போய், இது யார் கையெழுத்து என்று கேட்டுப் பாருங்கள். பத்திரிகைக்கு அனுப்பும் நல்ல பிரதியைப் பல வீடுகளில் மனைவிதான் எழுதினார், சமையல் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஒரு வீட்டில் நாங்கள் முப்பது கதைகளின் கைப்பிரதிகளை எழுத்தாளரின் கையெழுத்தே என்று பட்டியலிட்டு வைத்திருந்தோம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பதினொன்று தம்முடைய கை என்றார். இரண்டு கதைகளின் முடிவைத் தாம் மாற்றியதாகவும், அவர் அதைக் கடைசிவரை கவனிக்கவில்லை என்றும் சொன்னார். பட்டியலைத் திருத்தி எழுதினோம்.